இலுப்பை: விளக்குக்கு எண்ணெய் தரும் மரத்தை நட்டு வளர்ப்பது எப்படி

கோயிலுக்கோ குலதெய்வத்துக்கோ ஒரு கொட்டை மரம் நட வேண்டும் என்று நினைத்து இந்த அத்தியாயத்தைத் திறந்திருப்பீர்கள். முதலில் மனத்தில் வருவது பெரும்பாலும் வால்நட், அதாவது அக்ரூட். அதற்குக் காரணமும் இருக்கிறது. காஷ்மீரப் பண்டிதர்கள் சிவராத்திரியை 'ஹேரத்' என்று கொண்டாடுவார்கள். பூசைக் குடத்து நீரில் வால்நட் கொட்டைகளை ஊறவைத்து வழிபட்டு, பிறகு உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் பிரசாதமாகப் பங்கிடுவார்கள். பழைய ரோமிலும் திருமண ஊர்வலத்தில் இந்தக் கொட்டைகளை வாரி இறைத்தார்கள். வளம் பெருகட்டும் என்பது பொருள்.

ஆனால் வால்நட் குளிர்நாட்டு மரம். குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் இருந்தால்தான் அதன் மொட்டு சரியாக விழிக்கும். மதுரையை அடுத்த மேலூரில் மார்கழி இரவில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சித்திரை வெயிலோ 40 டிகிரியைத் தொடும். இங்கே வால்நட் கன்றை வாங்கி வைத்தால் பணமும் வீண், ஆசையும் வீண்.

காஷ்மீரத்துச் சிவனுக்கு வால்நட் எப்படியோ, நம் பக்கத்துச் சிவனுக்கு இலுப்பை அப்படி. அதன் எண்ணெய் கோயில் விளக்கில் எரிகிறது. அதன் கட்டை தேர் செய்ய உதவுகிறது. மயிலாடுதுறைப் பக்கத்து இலுப்பைப்பட்டிலும் திருச்செங்கோட்டிலும் அதுவே தலமரம். ரேவதி நட்சத்திரத்துக்கு உரிய மரமும் அதுதான். அந்தந்த மண் எதைத் தருகிறதோ அதைச் சாமிக்குக் கொடுப்பதே நம் முன்னோர் வழக்கம். இந்த அத்தியாயம் இலுப்பையைக் கொட்டையிலிருந்து மரமாக்கும் வழியைச் சொல்கிறது.

நடுவதற்கு முன்: உங்கள் இடத்துக்கு எந்த மரம்?

இலுப்பை பெரிய மரம். நன்கு வளர்ந்தால் கிளை நாலு பக்கமும் விரியும். இடம் இல்லாதவர்கள் வேறு மரம் பார்ப்பதே நல்லது.

- இலுப்பை: கோயில் தோப்பு, தோட்டத்து ஓரம், ஊர்ப் பொது இடம். செம்மண், மணல் கலந்த செம்மண், சரளை எல்லாம் ஏற்கும். தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது.
- கடம்பு: மதுரைக்குக் கடம்பவனம் என்ற பெயரைக் கொடுத்த மரம், மீனாட்சி அம்மன் கோயிலின் தலமரம். பெரியாறு வாய்க்கால் பாயும் ஈரமான இடங்களுக்கு ஏற்றது.
- குருந்து: மேலூருக்குப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் உபதேசம் பெற்றார். சிறிய மரம் என்பதால் சின்னக் கோயில் வளாகத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் பொருந்தும்.
- உசிலை: பாறையும் சரளையுமான மேட்டு நிலத்துக்கு. இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டுப் பக்கம் போனால், கிளையை ஒடிக்கக்கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு ஒரு காட்டை எப்படிக் காத்து வைத்திருக்கிறது என்று பார்க்கலாம்.

யாரிடம் கேட்க வேண்டும்?

சொந்த நிலம் என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மற்ற இடங்களில் கேட்காமல் நட்ட கன்று ஒரு வருடத்துக்குள் பிடுங்கப்படும், அல்லது கவனிப்பார் இல்லாமல் காயும்.

1. ஊர்க்கோயில் இடம் என்றால் பூசாரியிடமும் ஊர் அம்பலகாரரிடமும் பேசுங்கள். ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் மரத்துக்கு அதுவே காவல்.
2. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள்.
3. கண்மாய்க்கரையின் உடம்பில் நடாதீர்கள். மரம் விழுந்தாலோ வேர் மட்கினாலோ கரை பலவீனமாகும். கரையை விட்டு வெளியே, நீர்வளத் துறையும் ஊராட்சியும் காட்டும் இடத்தில் மட்டும் நடலாம்.
4. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியும் அதை ஒட்டிய மீனாட்சிபுரமும் சேர்ந்த மலைப்பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நம் விருப்பத்துக்கு எதையும் நடவோ விதை பொறுக்கவோ கூடாது.

எப்போது என்ன வேலை?

இலுப்பை பங்குனி, சித்திரையில் பூக்கும். பூ இரவில் விரிந்து விடியலில் உதிரும். அந்த நேரத்தில் மரத்தடிக்குப் போனால் வெண்ணெய் நிறத்தில், சதைப்பற்றாக, உருண்டையான சின்னச் சின்னப் பூக்கள் தரை முழுக்கக் கிடக்கும். ஒன்றை வாயில் போட்டால் தித்திக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொல்வது இதனால்தான். பழம் ஆனி, ஆடியில் விழும். கொட்டை எடுக்கும் காலமும் பை நிரப்பும் காலமும் அதுவே.

கன்றை நிலத்தில் நட, அடுத்த வருடத்துப் புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி நடு வரை சரியான காலம். மதுரைப் பகுதிக்கு அதிக மழை வடகிழக்குப் பருவத்தில்தான். மேலூர் ஒருபோகப் பாசனத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவதும் அதை ஒட்டித்தான். மண் மூன்று மாதம் ஈரமாக இருக்கும்போது வேர் பிடித்துவிட்டால் முதல் கோடையைத் தாங்கும்.

பகுதி 1: கொட்டையிலிருந்து கன்று

இலுப்பையில் பலரும் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். நெல், உளுந்து போல இதன் விதையைக் காய வைத்து எடுத்து வைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். விழுந்த இரண்டு வாரத்துக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும். அதே வாரத்தில் போனால் இன்னும் நல்லது.

1. தாய்மரம் தேடுங்கள். நேரான அடிமரமும் அடர்ந்த கிளையும் உள்ள, புல்லுருவி ஏறாத, வருடா வருடம் காய்க்கும் மரமாகப் பாருங்கள். இரண்டு மூன்று மரங்களின் கொட்டையைக் கலந்து எடுங்கள்.
2. காலையில் பொறுக்குங்கள். முதல் நாள் மாலை மரத்தடியைக் கூட்டிவிட்டால், காலையில் கிடப்பவை எல்லாம் புதிதாக விழுந்தவை என்று உறுதியாகத் தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரவில் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களும் அதில் இருக்கும்.
3. சதையை நீக்குங்கள். பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து கழுவினால் பளபளப்பான பழுப்புக் கொட்டை வெளியே வரும். சதை ஒட்டியிருந்தால் பூசணம் பிடிக்கும், எறும்பும் வரும்.
4. வெட்டிப் பாருங்கள். நாலைந்து கொட்டைகளை எடுத்து, தரையில் வைத்துக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே பருப்பு ஓட்டை நிறைத்துக்கொண்டு, வெளிர் மஞ்சளாக, நகத்தால் அழுத்தினால் ஈரம் கசிவதாக இருந்தால் அந்தக் குவியல் முளைக்கும். பருப்பு சுருங்கி, ஓட்டுக்குள் ஆடிக்கொண்டு, பழுப்பேறியிருந்தால் அந்தக் குவியலை விதைக்காதீர்கள்.
5. பை நிரப்புங்கள். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு. இலுப்பையின் ஆணிவேர் வேகமாக இறங்கும்; அதனால் பை குறைந்தது 12 அங்குல உயரம் இருக்க வேண்டும். அடியிலும் பக்கத்திலும் தண்ணீர் வடியத் துளை வேண்டும்.
6. ஊன்றுங்கள். கொட்டையைப் படுக்கை வசமாக ஓர் அங்குலத்துக்கு மிகாத ஆழத்தில் வைத்து மண்ணை மூடுங்கள். வைக்கோலை மெல்லியதாகப் பரப்புங்கள்.
7. ஈரம் காயாமல் பாருங்கள். பூவாளியால் தினமும் ஒரு முறை தெளித்தால் போதும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும். தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிடுங்கள்.
8. பையை இடம் மாற்றுங்கள். மாதம் ஒரு முறை பையைத் தூக்கி வேறிடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய்விடும். நடும் நாளில் அது அறுபடும்.

> குறிப்பு: முதல் இரண்டு மாதம் அரைநிழல் கொடுங்கள். பிறகு படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலிலேயே வளர்த்த கன்றை நேரே பொட்டலில் நட்டால் இலை கருகும்.

கொட்டை கிடைக்காதவர்கள் வனத்துறை நாற்றங்காலில் கேட்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக நாட்டு மரக்கன்றுகள் வளர்க்கப்படுகின்றன. ஒரு வயது தாண்டிய, இரண்டடி உயரக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள். பையின் அடியில் வேர் சுருண்டு கட்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பகுதி 2: குழி

1. இடைவெளி: மரத்துக்கு மரம் 30 அடி. சுவர், கோபுர அடித்தளம், கிணறு ஆகியவற்றிலிருந்தும் அதே 30 அடி. மேலே மின்கம்பி போகும் இடத்தை விட்டுவிடுங்கள்.
2. அளவு: நல்ல செம்மண்ணில் நீளம், அகலம், ஆழம் எல்லாம் 2 அடி. மேலூர்ப் பக்கம் ஓரடிக்குக் கீழே சரளை கெட்டியாக இருக்கும். அங்கே 3 அடி தோண்டி, அடிச்சரளையைக் கடப்பாரையால் குத்திப் பிளந்துவிடுங்கள்.
3. காலம்: ஆவணியிலேயே தோண்டி ஒரு மாதம் வெயில் காய விடுங்கள். தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவியுங்கள்.
4. தண்ணீர்ச் சோதனை: குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றால் வேறு இடம் பாருங்கள்.
5. நிரப்புதல்: மேல்மண்ணோடு 10 முதல் 15 கிலோ மட்கிய தொழு உரமும், கரையானுக்கு எதிராக அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, தரைமட்டத்துக்குச் சற்று மேலே வரும்வரை நிரப்புங்கள். ஒரு மழை பெய்தால் மண் படிந்துவிடும்.

மண் உவர் என்று சந்தேகம் இருந்தால் பரிசோதித்துவிடுங்கள். மேலூர் சாலையில் யானைமலைப் பக்கம், 1965இல் தொடங்கிய மதுரை வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது; ஆலோசனை கேட்கலாம்.

> எச்சரிக்கை: வெட்டிய குழியைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள். மழைநீர் நிறைந்த 3 அடிக் குழி, விளையாடும் குழந்தைக்கும் மேயும் கன்றுக்குட்டிக்கும் ஆபத்து. முள்ளோ பலகையோ போட்டு மூடி, பக்கத்தில் குச்சி நட்டு அடையாளத் துணி கட்டுங்கள்.

பகுதி 3: நடும் நாள்

மழை பெய்து மண் குளிர்ந்த பிறகு, மாலை நேரத்தில் நடுங்கள்.

1. காலையிலேயே பைக்குத் தண்ணீர் ஊற்றி மண்கட்டியை ஊறவிடுங்கள்.
2. நிரப்பிய குழியின் நடுவில் பையின் அளவுக்கு மண்ணைப் பறித்தெடுங்கள்.
3. பையைப் பக்கவாட்டில் பிளேடால் கிழித்து முழுவதும் உருவிவிடுங்கள். பையோடு நட்ட கன்று இரண்டாம் வருடம் நின்றபடியே காயும்.
4. அடியில் வேர் நுனி சுருண்டிருந்தால் அந்த நுனியை மட்டும் கத்தரியுங்கள்.
5. பையில் எந்த மட்டம் வரை மண் இருந்ததோ, நிலத்திலும் அதே மட்டம். தண்டு புதையக்கூடாது.
6. மண்ணைத் தள்ளிக் காலால் மெதுவாக மிதித்து இறுக்குங்கள்.
7. ஓர் அடி தள்ளி ஊன்றுகோல் நட்டு, சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.
8. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.
9. மூன்றடி வட்டப்பாத்தி கட்டி, காய்ந்த இலை, தென்னை மட்டைத்துண்டு, வைக்கோல் என்று மூடாக்குப் போடுங்கள். தண்டிலிருந்து நாலு விரல் இடம் விடுங்கள்.
10. அன்றே வேலி போட்டுவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஆடு முந்திக்கொள்ளும். சீமைக்கருவேல முள்ளை ஆள் உயரத்துக்குச் சுற்றிலும் அடுக்கினால் செலவில்லாமல் முடியும்.

சாமி கும்பிட்டு நடுவது: மரத்துக்கு நோகாமல் செய்யும் முறை

நடும்போது பூசை செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குழியில் தெளித்து, வீட்டில் வயதில் மூத்தவரையும் சின்னக் குழந்தையையும் சேர்ந்தாற்போல் ஒரு கை மண் போடச் சொல்லுங்கள். மரத்தின் முழு நிழலை அனுபவிக்கப்போவது அந்தக் குழந்தைதான் என்பது எல்லோருக்கும் விளங்கும்.

தலமரங்கள் பக்தியாலேயே நோய்ப்படுவதை நம் கோயில்களில் பார்க்கிறோம். இவற்றைத் தவிருங்கள்:

- தண்டை ஒட்டி விளக்கு ஏற்றுவது, சூடம் கொளுத்துவது. சூடு பட்ட இடத்தில் பட்டை செத்து, வெடித்து, உள்ளே பூச்சி குடியேறும். விளக்குக்கல்லை இலை விழும் வட்டத்துக்கு வெளியே நடுங்கள்.
- ஆணி அடிப்பது, கம்பி சுற்றுவது. பெயர்ப்பலகையை மரத்தில் அடிக்காமல் தனிக் கம்பத்தில் வையுங்கள்.
- நைலான் கயிற்றில் தொட்டில் கட்டுவது. பருத்தித் துணியில் கட்டச் சொல்லுங்கள். மாதம் ஒரு நாள் பழைய முடிச்சுகளை அவிழ்த்து எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.
- அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் மேடை போடுவது. மழைநீரும் காற்றும் வேருக்குப் போகாது. மேடை வேண்டுமென்றால் மரத்தைச் சுற்றி ஐந்தடி மண் விட்டுவிட்டு, வெளியே கல்லை மட்டும் அடுக்குங்கள்.
- உப்பு, எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீர் ஊற்றுவது. அபிஷேக நீருக்குத் தனி வடிகால் வெட்டுங்கள்.

பகுதி 4: முதல் மூன்று வருடம்

மரம் பிழைப்பதும் சாவதும் இந்த மூன்று வருடத்தில் முடிவாகிவிடும்.

தண்ணீர்: மழை நின்ற தை மாதத்திலிருந்து வாரம் ஒரு முறை 20 லிட்டர். பங்குனி முதல் வைகாசி வரை வாரம் இரண்டு முறை. தூரத்துத் தோட்டம் என்றால், அடியில் சின்னத் துளையிட்ட மண்பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிப் புதைத்து, துளையில் பழைய துணித்திரியைச் செருகி, பானையை நிரப்பி மூடி வையுங்கள். தண்ணீர் கசிந்து நேரே வேருக்குப் போகும். இரண்டாம் வருடம் பாதியாகக் குறையுங்கள். மூன்றாம் கோடையில் மாதம் இரண்டு முறை போதும்.

கவாத்து: முதல் வருடம் தொடாதீர்கள். பிறகு ஐந்தடி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அடிமரத்தை நேராக்குங்கள். வெட்டினால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையான்: தண்டில் மண்பூச்சு தெரிந்தால் துடைப்பத்தால் தட்டிவிட்டு, அடியில் வேப்பம் பிண்ணாக்குத் தூளைத் தூவி, தண்டை ஒட்டிய மூடாக்கை விலக்குங்கள்.

புல்லுருவி: இலுப்பைக்குப் பெரிய எதிரி இதுதான். குருவி எச்சத்தில் வரும் விதை கிளையில் ஒட்டி, மரத்தின் சாற்றை உறிஞ்சி வளரும். இலை நிறம் மாறித் தெரியும் கொத்து எங்கே என்று வருடம் ஒரு முறை பாருங்கள். புல்லுருவியை மட்டும் பறித்தால் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே, அடிமரத்தை நோக்கிய பக்கம், கிளையோடு வெட்டுங்கள். அது பழுக்கும் முன்பே வெட்டினால் பக்கத்து மரத்துக்குப் பரவாது.

> எச்சரிக்கை: மூடாக்கையும் முள்வேலியையும் வெறுங்கையால் கிளறாதீர்கள். பாம்பும் தேளும் அங்கே ஒதுங்கும். நீண்ட குச்சியால் தட்டிவிட்டுப் பிறகு வேலை செய்யுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ, கயிறு கட்டவோ, உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 108ஐ அழைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

காய்க்கத் தொடங்கிய பிறகு

முதல் பூவுக்குப் பத்து வருடமாவது பொறுக்க வேண்டும். நல்ல காய்ப்புக்கு அதற்கும் மேல். காத்திருக்க முடியாதவர்களுக்கு ஏற்ற மரமல்ல இது. நட்டவருக்கும் விளக்கேற்றுபவருக்கும் இடையே ஒரு தலைமுறை இருப்பதால்தான் இது காணிக்கை ஆகிறது.

விளக்குக்கு எண்ணெய் எடுக்கக் கொட்டை சேர்க்கும்போது விதைக்குச் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். கழுவிய கொட்டையின் ஓட்டை உடைத்து, பருப்பை வெயிலில் நன்றாகக் காய வைத்து, செக்கில் கொடுங்கள். காய்ந்த பருப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் எண்ணெய் உண்டு. குளிர்ந்த நாளில் நெய்போல் உறையும். வெயிலில் வைத்தால் இளகிவிடும்.

- இப்படி ஆட்டிய எண்ணெயை விளக்குக்கு மட்டும் வையுங்கள். பாட்டிலில் பெயர் எழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள்.
- பிண்ணாக்கைக் கண்மாயிலோ ஊருணியிலோ கொட்டவோ கழுவவோ கூடாது. மீனைக் கொல்லும் தன்மை அதற்கு உண்டு. மாட்டுக்கும் போடாதீர்கள்.
- காய்க்காக மரமேறாதீர்கள், கிளையை அடிக்காதீர்கள். தானாக விழுவதைப் பொறுக்கினால் போதும். வௌவாலுக்கும் பறவைக்கும் பங்கு இருக்கட்டும். காட்டுக்குள் இலுப்பையைக் கொண்டு போய் நடுவது அவைதான்.

வருட வேலைப் பட்டியல்

- ஆனி, ஆடி: கொட்டை பொறுக்குதல், பை நிரப்புதல்.
- ஆவணி: குழி தோண்டுதல்.
- புரட்டாசி, ஐப்பசி: கன்று நடுதல், வேலி போடுதல்.
- கார்த்திகை, மார்கழி: பாத்தியில் தண்ணீர் தேங்காமல் வடித்தல், களை எடுத்தல்.
- தை, மாசி: மூடாக்கைப் புதுப்பித்தல், புல்லுருவி பார்த்தல்.
- பங்குனி முதல் வைகாசி வரை: தண்ணீர். முதல் இரண்டு கோடையில் ஒரு வாரமும் தவறக்கூடாது.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒருவர் பெயரை எழுதுங்கள். கோயில் மரம் என்றால் பூசாரி வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஒவ்வொரு படி கொடுங்கள். பங்குனிக்கு எதிரே எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் இந்த வருடம் நடாதீர்கள். ஆள் கிடைத்த பிறகு அடுத்த ஐப்பசியில் நடுங்கள். பத்துக் கன்று நட்டு ஒன்பதைக் காய விடுவதைவிட, ஒரே ஒரு கன்றை நட்டு ஒரு மரமாக்குவதே அந்தச் சாமிக்கும் மண்ணுக்கும் நாம் செய்யும் மரியாதை.